மைனாவின் ஆணிகள்

9-7-78, ஞாயிறு

காலையில் தூறல். பத்து மணிக்கு விட்டது. ஏரிக்கு மூன்று பேரும் போனோம். தேவராஜ் சார் பாய்க்கயிறு. அந்தோணிராஜ் சுக்கான். எனக்கு முன்பக்கம் குந்தி பிளாஸ்டிக் மக்கால் தண்ணீர் இறைக்கும் வேலை.

இரண்டு வருஷமாகச் சுக்கான் பிடித்தவன் நான். அந்தோணி பள்ளிக்கூடத்துக்கு சயின்ஸ் வாத்தியாராக வந்து ஒரு மாதம். தூத்துக்குடிக்காரன், அப்பா தோணி கட்டுகிறவராம். அது போதும், மக் என் கைக்கு வந்துவிட்டது.

ஜவ்வாது மலையில் பாய்மரப் படகு என்றால் கீழே போளூரில் யாரும் நம்புவதில்லை. தே. சார் டிராயிங் மாஸ்டர். ஏதோ பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்துக் கோடு போட்டார், தேக்குப் பலகை ஏலத்தில் எடுத்தார், நானும் அவரும் லீவு லீவாக அறைந்து பன்னிரண்டு அடியில் ஒன்று செய்தோம். பெயர் மைனா. பாய் ஆலங்காயம் டெய்லர் தைத்த காடாத் துணி.

இன்றைக்குக் காற்று நல்ல காற்று. படகு திரும்பும்போது அந்தோணி ஒரு விரலால் சுக்கானைத் தள்ளினான். நான் இரண்டு கையாலும் மல்லுக்கட்டுவேன். தே. சார் பார்த்துவிட்டு, "அப்பா, இன்னா லேசா திருப்புறாரு பாருங்க கம்பவுண்டர்" என்றார். பார்த்தேன். மக்கைப் பிடித்துக்கொண்டே பார்த்தேன்.

இந்த நோட்டை வேறு யாரும் படிக்கப் போவதில்லை. வயிறு எரிகிறது.

11-7, செவ்வாய்

டாக்டர் வரவில்லை, கீழே மீட்டிங். ஓ.பி. 34. அதில் சொறி 9, எல்லாம் ஏரிக்கரைப் பிள்ளைகள். காலமைன் தீரப் போகிறது. இண்டெண்ட் போட வேண்டும்.

ஆஸ்பத்திரி ஆயா காளியம்மா இந்த மலைக்காரி, வாய் ஓயாது. மாடு ஏரித் தண்ணீரில் வாய் வைக்க மாட்டேன் என்கிறதாம். மேலே ஓடைக்கரையில் வாணியம்பாடி பாய் ஒருவர் யார்டு போட்டிருக்கிறார். ஆவாரம் பட்டை, கடுக்காய் எல்லாம் குழியில் ஊறவைத்து, சாறு காய்ச்சி டின்னில் அடைத்துத் தோல் பதனிடும் ஷாப்புக்கு அனுப்புகிறார்கள். ஊறின கழிவை ஓடையில் விடுகிறார்கள். ஓடை ஏரிக்கு வருகிறது. அவள் சொல்வது சரியாகத்தான் இருக்கும்.

செய்ய வேண்டியவை: போளூர் வீட்டுக்கு மணியார்டர் அல்ல, கடிதம். செருப்பு வார். தே. சாருக்கு இருமல் மருந்து. (கேட்கவில்லை. ஆனாலும் இருமுகிறார்.)

12-7, புதன்

மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஏரிக்குப் போனேன். தண்ணீர் டீ நிறம். மைனா கட்டிய இடத்தில் அசையாமல் நின்றது. பக்கப் பலகையில் வரிசையாகக் கறுப்புப் பொட்டுகள். கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு பொட்டும் ஒரு ஆணித் தலை.

பார்த்த உடனே தெரிந்துவிட்டது. கம்பவுண்டர் படிப்பில் முதல் மாதமே சொல்லித் தருவது: இரும்புச் சத்து மிக்சரும் டானிக் ஆசிடும் ஒரே பாட்டிலில் சேரக்கூடாது, சேர்ந்தால் மையாகிவிடும். கடுக்காயிலும் பட்டையிலும் இருப்பது அதே துவர்ப்புதான். ஏரி முழுக்க அந்தத் தண்ணீர். ஆணி இரும்பு. வேறு என்ன ஆகும்.

ஆணி இரும்பு என்பது எனக்கு மட்டும் தெரியும். இதையும் எழுதிவிடுகிறேன். படகு கட்டும்போது தே. சார் செம்பு ஆணிதான் வேண்டும் என்றார். தம்பி கல்யாணத்துக்கு மெட்ராஸ் போகிறவன் நான், வாங்கி வருகிறேன் என்று வாய் விட்டேன். கல்யாண அலைச்சலில் மறந்தே போனது. திரும்பி வரும் வழியில் ஆலங்காயத்தில் இறங்கி, இரும்புக் கடையில் வெள்ளைப் பூச்சுப் பூசிய ஆணி வாங்கிக் கொண்டு வந்து, மெட்ராசில் இப்போது எல்லோரும் இந்தக் கப்பல் ஆணிதான் போடுகிறார்கள், துருவே பிடிக்காது, செம்பு பழைய காலம் என்று சொன்னேன். அவர் நம்பி அதைத் தன் நோட்டிலும் எழுதிக்கொண்டார்.

போன மாதம் அந்தோணி முதன்முதலாகப் படகைப் பார்த்தபோது ஒரு ஆணித் தலையைச் சாவியால் சுரண்டினான். யார் வாங்கியது என்று கேட்டான். நம்ம கம்பவுண்டர், மெட்ராசிலிருந்து, என்று தே. சார் பெருமையாகச் சொன்னார். "நல்ல ஆணிதான் சார்" என்றான். தோணி கட்டுகிற குடும்பமாம். இரும்பு தெரியவில்லை.

தே. சாரிடம் சொல்ல வேண்டும். பூச்சு போன இடத்தில் ஆணி இளைத்துக்கொண்டே வரும், ஒரு நாள் பலகை விடும். நடு ஏரியில் ஆள் முழுக ஆழம் இருக்கிறது. அவருக்கு நீந்தத் தெரியாது.

சொன்னால் என் பொய் வெளியே வரும். அந்தோணி முன்னால் வரும்.

14-7, வெள்ளி

சொல்லவில்லை. அந்தோணிக்கு அம்மா சீக் என்று தந்தி. ஒரு வாரம் லீவு, மதிய பஸ்ஸில் போனான். பஸ் வளைவு திரும்பும் வரை நின்று பார்த்தேன். மனசு லேசானது. ஒருத்தன் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, எனக்கு லேசாகிறது. எழுதும்போதே அசிங்கமாக இருக்கிறது.

16-7, ஞாயிறு

நல்ல வெயில். நானும் தே. சாரும் மட்டும்.

அவரும் கறுப்புப் பொட்டைப் பார்த்துவிட்டார். தண்ணீர் அழுக்கு பலகையில் பிடித்துக்கொண்டது என்று அவர் கணக்கு. துணி துவைக்க வந்த காளியம்மாவிடம் கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை. "பித்தளக் குண்டான் கறுத்தா இன்னா போட்டுத் தேய்ப்போம் சாரு? புளிதான். இந்த மலையில புளிக்கா பஞ்சம்?" வீட்டிலிருந்து ஒரு கூடை பழம்புளி கொண்டுவந்து வைத்தாள்.

படகைக் கரையோரம் இழுத்துச் சாய்த்தோம். தேங்காய் நாரில் புளியைத் தோய்த்துத் தேய்த்தோம். கறுப்பு கண்ணெதிரே போனது. தே. சாருக்குச் சின்னப் பிள்ளை சந்தோஷம். ஒவ்வொரு ஆணித் தலையாக, முகம் துடைத்துவிடுகிற மாதிரி தேய்த்தார்.

நடுவில் ஒரு தடவை நிறுத்தி, "புளி ஆணிக்கு ஒண்ணும் பண்ணாதே, கம்பவுண்டர்?" என்று கேட்டார்.

பண்ணும். புளிப்பு அந்த வெள்ளைப் பூச்சைத் தின்றுவிடும், மிச்சமிருக்கிற காப்பும் போய்விடும். எனக்குத் தெரியும். "ஒண்ணும் ஆவாது சார்" என்றேன்.

ஏன் சொன்னேன்? பொய் வெளியே வரக்கூடாது என்பது ஒன்று. இன்னொன்று, ஒரு மாதத்துக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து வேலை செய்த நாள் அது. கணியம்பாடியில் அவர் சின்ன வயதில் கிணற்றில் வாழைமட்டைப் படகு விட்ட கதையை மறுபடி சொன்னார். முன்பு சொன்ன கதைதான். அந்தோணிக்கு இன்னும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அதை நிறுத்த மனசு வரவில்லை.

பிறகு சுக்கான் எனக்கு. இரண்டு சுற்று. காற்று குறைவு, ஆனாலும் பரவாயில்லை.

17-7, திங்கள்

கையில் புளி வாசனை. சோப்பு போட்டும் போகவில்லை. ஓ.பி. 41, சொறி 13.

20-7, வியாழன்

அந்தோணி வந்துவிட்டான். அம்மா தேறிவிட்டார்களாம். எனக்கு ஒரு பொட்டலம் கருவாடு கொண்டு வந்தான். "அண்ணாச்சிக்குன்னு அம்மை கட்டிக் குடுத்தா" என்றான். என்னை அண்ணாச்சி என்கிறான். எனக்கு நாற்பத்தொன்று, அவனுக்கு இருபத்தாறு, கூப்பிடட்டும். ஆனாலும் அப்படிக் கூப்பிடுவது பிடிக்கவில்லை. கருவாடு வாங்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். வாங்கினேன். வறுத்தேன். ரொம்ப நன்றாக இருந்தது. அதுவும் பிடிக்கவில்லை.

சாயங்காலம் அவனும் தே. சாரும் ஏரிக்கரையில். நானும் போனேன், கூப்பிடாமல். தே. சார் பளபளப்பைக் காட்டிப் புளி கதையைச் சொன்னார். அந்தோணி கட்டை விரலால் ஆணித் தலைகளைத் தடவிக்கொண்டே போனான். ஒரு இடத்தில் நின்றான். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். பிறகு, வாரத்தில் ஆறு நாள் படகைக் கரையேற்றி வைத்தால் இந்தத் தண்ணீர் படாது, ஞாயிறு மட்டும் இறக்கலாம் என்றான். உருளைக் கட்டை போட்டு ஏற்றிவிட்டார்கள். மேலே கீற்று வேய்ந்து ஒரு கொட்டகையும் போடுவதாக இருக்கிறான்.

இந்த யோசனை எனக்கு ஏன் வரவில்லை?

23-7, ஞாயிறு. போளூர்

மாத முறை, வீட்டுக்கு வந்திருக்கிறேன். மழை இல்லை, புழுக்கம். அவர்கள் இப்போது பாய் ஏற்றியிருப்பார்கள் என்று பத்து மணிக்கு நினைத்தேன். பதினொன்றுக்கும் நினைத்தேன்.

சாப்பிடும்போது வாய் தவறி அந்தோணியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். கொஞ்சமாகச் சொல்ல நினைத்தது, குழம்பு ஆறும் வரை நீண்டது. ஜெயா கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "கல்யாணம் ஆயி பதினாறு வருசம். எனக்காகக்கூட நீங்க இவ்ளோ பொறாம பட்டதில்லீங்க" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை. ரசம் ஊற்றச் சொன்னேன்.

25-7, செவ்வாய்

அந்தோணியும் தே. சாரும் நேற்று யார்டுக்குப் போய் வாணியம்பாடி பாயைப் பார்த்தார்களாம். தே. சார் ஓ.பி. முடியும் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்து சொன்னார். பாய் மரியாதைப்பட்ட மனுஷர், டீ வாங்கிக் கொடுத்தாராம். அந்தோணி ஒரு கண்ணாடிக் கிளாசில் ஏரித் தண்ணீர் கொண்டுபோய், அதில் ஒரு இரும்பு ஆணியைப் போட்டு, அது கறுப்பதை அவர் கண் முன்னால் காட்டினானாம். பாய் பதறிப்போய், கழிவை ஓடையில் விடாமல் காட்டுப் பக்கம் தனிக் குழி வெட்டித் திருப்பிவிடுகிறேன் என்று ஒத்துக்கொண்டார். இன்றைக்கே ஆள் இறங்கிவிட்டது.

நம்ம மைனா ஆணி கப்பல் ஆணி, அதுக்கு இப்படி ஆவாது என்று தே. சார் வேறு சொன்னார். அந்தக் கிளாஸ் வித்தை என் வித்தை. நான் காட்டியிருக்க வேண்டியது.

பாய் இன்னொன்றும் சொன்னாராம், தே. சார் அதை அப்படியே சொன்னார்: "ஏரிக்கிப் போற தண்ணின்னு நமக்கு எவனும் சொல்லலியே சாப். ஆஸ்பத்திரி இருக்குது, அங்க தெரியாதா? ஒரு வார்த்த வந்து சொல்லியிருந்தா அன்னிக்கே திருப்பிட்டிருப்பேன்."

பதின்மூன்று பிள்ளைகள் சொறியோடு வந்தபோது காலமைன் ஊற்றிக் கொடுத்துவிட்டு நான் நினைத்துக்கொண்டிருந்தது சுக்கானைப் பற்றி.

ஊரில் அந்தோணிக்கு மரியாதை கூடிவிட்டது. காளியம்மா அவனுக்குச் சாமைச்சோறும் கொள்ளுக் குழம்பும் கொண்டுபோகிறாள். எனக்கு மூன்று வருஷத்தில் ஒரு தடவை கொடுத்தாள், அதுவும் மிச்சம்.

28-7, வெள்ளி

விடிந்ததும் மூடுபனி. சும்மாதான் ஏரிப் பக்கம் நடந்தேன். (சும்மா இல்லை. கொட்டகை எப்படிப் போட்டிருக்கிறான் என்று பார்க்க.) உள்ளே சத்தம். டொக், டொக்.

அந்தோணி படகுக்குள் மண்டி போட்டிருந்தான். பக்கத்தில் தகர டப்பா. டப்பாவில் செம்பு ஆணி. பழைய ஆணியைப் பிடுங்கிவிட்டு அதே துளையில் செம்பு அடித்து, தலைமேல் மறைப்புக்கு மக்குப் பசை பூசி, பெயிண்ட் தொட்டு வைத்திருக்கிறான். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிடுங்கிய ஆணிகள் ஒரு துணியில். சில பாதியாக இளைத்திருந்தன, சிலது கையில் எடுத்ததும் உடைந்தது.

என்னைப் பார்த்து அவன் திடுக்கிடவில்லை. "வாங்க அண்ணாச்சி. ஒத்த ஆளா செய்ய வரல. அந்தப் பக்கம் சம்மட்டிய அண்டக் குடுங்க" என்றான். வெளிப்பக்கம் அடி தாங்கச் சம்மட்டியை அழுத்திப் பிடித்தேன். பத்து ஆணி அடித்தோம்.

பிறகு நான்தான் கேட்டேன், எப்போது தெரியும் என்று.

"மொத நாளே தெரியும். சாவி வச்சு சுரண்டினேன்லா."

"அப்ப ஏன் நல்ல ஆணின்னு சொன்ன?"

"சார் அம்புட்டு பெருமையா உங்க பேரச் சொன்னாரு. நான் வந்த அன்னைக்கே உங்கள இறக்கிப் பேசவா? செம்புக்கு அண்ணனுக்கு எழுதினேன், வர நாளாச்சு. ஊருக்குப் போனப்ப கையோட கொண்டாந்தேன். சாருக்குத் தெரிய வேண்டாம் அண்ணாச்சி. முடிச்சிருவோம்." இதுவரை நூற்றுப்பத்து மாற்றியிருக்கிறான். இன்னும் அறுபது இருக்குமாம். நீர்மட்டத்துக்குக் கீழே உள்ளதை முதலில் முடித்துவிட்டதால் ஞாயிறு ஓட்டம் பயமில்லை, கரையோரமாகவே சுக்கானைத் திருப்பிக்கொள்கிறேன் என்றான்.

நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆத்திரம். என்னைவிட நன்றாகச் சுக்கான் பிடிக்கிறான், சரி. என்னைவிட யோசனைக்காரன், சரி. என்னைவிட நல்லவனாகவும் இருக்க வேண்டுமா? என் மானத்தை ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டு, தினம் விடியற்காலையில் எனக்காகத் தட்டிக்கொண்டிருக்கிறான். அவன் தயவில் நான் தே. சார் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஓ.பி.யில் இரண்டு பேருக்கு மருந்து மாறிப்போகப் பார்த்தது. காளியம்மா பிடித்தாள்.

29-7, சனி

தே. சாரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். நல்ல எண்ணத்தில் போகவில்லை, என்னை நானே ஏமாற்ற வேண்டாம். என் ரகசியம் அவன் கையில் இருக்கக்கூடாது என்றுதான் போனேன்.

பள்ளிக்கூடத்தில் யாரும் இல்லை. அவர் படப் பலகைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்: மெட்ராஸ், மறதி, ஆலங்காயம், பொய். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "வுடுங்க. நீங்க மருந்து கலக்குறவரு. ஆணியப் பத்தி உங்களுக்கு இன்னா தெரியும்" என்றார். அவ்வளவுதான். மன்னித்துவிட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அங்கே எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. "அந்தோணிக்கு மொத நாள்லேர்ந்தே தெரியும் சார்" என்றேன்.

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். "தெரிஞ்சுமா என்ன ஏத்திக்கிட்டுப் போனான்?" என்றார்.

இப்போது சொல்ல வேண்டியது: அவன் மாற்றிக்கொண்டிருக்கிறான் சார், நூற்றுப்பத்து முடிந்துவிட்டது. நாக்கு நுனியில் இருந்தது. சொல்லவில்லை. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், புளி என்ன செய்யும் என்றும் தெரியும் என்பதையும் சொல்லவில்லை.

30-7, ஞாயிறு

மழை. படகு இறக்கவில்லை. பள்ளிக்கூட வராந்தாவில் தே. சார் அந்தோணியைக் கேட்டுவிட்டார். நான் தண்ணீர்ப் பானைப் பக்கம் நின்றிருந்தேன். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. "கம்பவுண்டருக்குத் தெரியாது, ஒத்துக்கறேன். நீ தோணி கட்டற வூட்டுப் புள்ள. எனக்கு நீச்சல் வராதுன்னு உனக்குத் தெரியும். ஒரு வார்த்த சொல்ல மாட்டியா?"

அந்தோணி என்னை ஒரு தடவை பார்த்தான். நான் பானையைப் பார்த்தேன். "தப்புதான் சார்" என்றான். செம்பு ஆணியைப் பற்றிச் சொல்லவே இல்லை. குடை இல்லாமல் மழையில் இறங்கிப் போனான்.

நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. ஒரு மாதமாக வேறு எதற்கும் ஆசைப்படவில்லை.

1-8, செவ்வாய்

காளியம்மா கையில் தகர டப்பாவும் ஒரு தாளும். சயின்ஸ் சாரு குடுத்தாரு என்றாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். தாளில் படகுப் படம், பென்சிலில், சுத்தமாக. மாற்றாத ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு புள்ளி. கீழே இரண்டே வரி: இடது பக்கம் மேலிருந்து இரண்டாம் பலகை மோசம், அதை முதலில் முடிக்கவும். முடியும் வரை சாரை ஏற்ற வேண்டாம்.

பெயர் போடவில்லை. கோபமாக ஒரு வார்த்தையும் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

4-8, வெள்ளி

மூன்று நாள், தினமும் விடியற்காலை. கட்டை விரலில் அடி, நகம் கறுத்துவிட்டது. அண்டக் கொடுக்க ஆள் இல்லாமல் முட்டியால் சம்மட்டியைத் தாங்கினேன். நாற்பத்தெட்டு முடிந்தது. அவன் அடித்தது எது நான் அடித்தது எது என்று தெரிகிறது, அவனுடையது நேராக இருக்கிறது. மக்கு பூசினால் மறைந்துவிடும்.

ஓ.பி. 29. சொறி 3 மட்டும். மாடு தண்ணீர் குடிக்கிறதாம்.

அந்தோணி மாற்றல் கேட்டு எழுதியிருக்கிறான் என்று காளியம்மா சொன்னாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று காரணம் காட்டியிருக்கிறானாம். அம்மா தேறிவிட்டார்கள் என்றுதான் என்னிடம் சொன்னான்.

6-8, ஞாயிறு

தெளிவான வானம். மேல்காற்று. எட்டு மணிக்கே முடித்துவிட்டேன். கடைசி இரண்டு ஆணிக்கு மட்டும் மக்கு போடவில்லை, தீர்ந்துவிட்டது. தாள் சட்டைப் பையில்.

தே. சார் வந்தார். கொட்டகைக்குள் குனிந்து பார்த்தார். அந்த இரண்டு செம்புத் தலையையும் பார்த்தார். நகத்தால் ஒரு ஆணித் தலைமேல் பூசிய மக்கைச் சுரண்டினார், உள்ளே செம்பு. இன்னொன்று, அதுவும் செம்பு. படகைச் சுற்றி வந்தார். என் கட்டை விரலைப் பார்த்தார்.

"நூத்தி எழுவது ஆணி இருக்கும். எல்லாம் நீங்க ஒருத்தரேவா, கம்பவுண்டர்?"

ஆமாம் சார் என்றேன்.